வெள்ளத்துக்கு அப்புறம் ஊருக்கு உதவணும்: சாப்பாடா, மெடிக்கல் கேம்ப்பா, அங்கன்வாடியா, கையில காசா?

ஒவ்வொரு வெள்ளத்துக்கு அப்புறமும் இதே கேள்விதான் வருது. காலேஜ் பேட்ச் குரூப்ல 2 லட்சம் சேர்ந்திருக்கு, ஆபீஸ்ல எல்லாரும் ஒரு நாள் சம்பளம் போட்டிருக்கோம், துபாய்ல இருந்து ஊர்க்காரங்க அனுப்புறாங்க, எதுக்கு குடுத்தா சரியா போய்ச் சேரும்னு கேக்குறாங்க. ஒருத்தர் சாப்பாடு போடுவோம்ங்குறார், இன்னொருத்தர் டாக்டர் ஃப்ரெண்ட கூட்டிட்டு கேம்ப் போடலாம்ங்குறார், மூணாவது ஆள் ஜிபேல காசா போட்டுவிட்டா முடிஞ்சுதுங்குறார். பேசிப் பேசியே ஒரு வாரம் போயிடுது.

அதனால இதை உக்காந்து ஒப்பிட்டு எழுதிடலாம்னு நெனச்சேன். வீடு கட்டிக்குடுக்குறது, பயிர் நஷ்டம், படகு ரிப்பேர் எல்லாம் இதுல வராது, அது வேற கணக்கு. இங்க பேசப்போறது உடம்பும் சாப்பாடும் மட்டும்: கைக்குழந்தை, கர்ப்பிணி, சுகர் பிரஷர் இருக்குற பெரியவங்க, இவங்க அடுத்த மூணு மாசத்தை எப்படி தாண்டுவாங்கங்குறது.

உதாரணத்துக்கு 2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளத்தையே எடுத்துக்குறேன். டிசம்பர் 17, 18ல தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, அந்தப் பக்கம் ஒரு வருஷம் பூரா பெய்யற மழையை விட அது அதிகம். ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், புன்னக்காயல்னு ஆத்தங்கரை ஊரெல்லாம் தனித்தனி தீவாயிடுச்சு, ஹெலிகாப்டர்ல இருந்து சாப்பாடு போட வேண்டிய நிலைமை. இங்க சொல்றதுல பாதிக்கு மேல விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் சென்னைக்கும் அப்படியே பொருந்தும்.

எதை வச்சு அளக்கணும்

முதல் அளவுகோல் நேரம், எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட பெருசு. வெள்ளம் வந்த முதல் வாரம் பசியும் குடிதண்ணியும்தான் பிரச்சனை. ஆனா நோய் அன்னைக்கே வர்றதில்ல. எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள்ள போயி காய்ச்சலா வெளிய தெரியறதுக்கு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், சில பேருக்கு அதுக்கும் மேல. டெங்கு கொசு சேத்துத் தண்ணில வர்றதில்ல, வெள்ளம் வடிஞ்சப்புறம் டயர்லயும் உடைஞ்ச குடத்துலயும் தேங்குற நல்ல தண்ணில முட்டை போட்டு அப்புறம்தான் பெருகும். குழந்தைக்கு எடை குறையறது தெரிய இன்னும் நாளாகும். நம்ம காசும் வண்டியும் ஆளும் எல்லாமே முதல் 7 நாள்ல வந்து குவியுது, நோய் வர்ற நேரத்துல ரோட்டுல ஒரு நிவாரண வண்டி கூட இருக்காது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இடைவெளியை மனசுல வச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

ரெண்டாவது, யாருக்கு போய்ச் சேருது. வண்டி வந்து நின்னா ஓடி வந்து வாங்குறவங்க வேற, வீட்டை விட்டு வர முடியாதவங்க வேற. ரெண்டு வயசுக்குள்ள குழந்தை வச்சிருக்குற அம்மா, தனியா இருக்குற பாட்டி, டிபி மாத்திரை சாப்பிடுறவர், இவங்க யாரும் வண்டி பின்னாடி ஓட மாட்டாங்க.

மூணாவது, ஊர்ல ஏற்கனவே இந்த வேலையைப் பார்க்குற ஆளுக்கு அது கை குடுக்குதா, இல்ல அவங்களை ஓரங்கட்டுதா. நாலாவது மறைமுக செலவு: வண்டி வாடகை, டீசல், குப்பை, கணக்கு எழுதுற வேலை, சண்டை. அஞ்சாவது, நாம கெளம்பி வந்தப்புறம் அங்க என்ன மிஞ்சும்.

சமைச்ச சாப்பாடு

முதல் 3, 4 நாளைக்கு இதுக்கு மாற்றே கிடையாது. அடுப்பு முங்கிடுச்சு, விறகு நனைஞ்சிடுச்சு, சிலிண்டர் மிதந்து போயிடுச்சு, அங்க போயி அரிசி மூட்டையைக் குடுத்து என்ன பிரயோஜனம்.

மறைமுக செலவு எங்க வருதுன்னா தூரத்துல. மதுரையில காலைல 6 மணிக்கு பாக்கெட் பண்ணின தக்காளி சாதம் ஏரல் பக்கம் போய்ச் சேர மதியம் தாண்டிடும், ரோடு அடைச்சிருந்தா சாயங்காலம். புளியோதரை ஓரளவு தாங்கும், தேங்காய் போட்டது, தயிர் சாதம், வெஜிடபிள் பிரியாணி எல்லாம் தாங்காது. ஏற்கனவே வயித்துப்போக்கு பரவுற ஊர்ல கெட்டுப்போன சாப்பாட்டைக் கொண்டு போயி குடுக்குறது நல்லதே இல்ல. அதனால சமைக்கிறது பக்கத்துல நடக்கணும், மேடான இடத்துல இருக்குற கல்யாண மண்டபம், பள்ளிவாசல், சர்ச், கோயில் மடம்னு எங்க பெரிய பாத்திரமும் ஆளும் இருக்கோ அங்க காசைக் குடுங்க, பொருளை வாங்கிக் குடுங்க. ஊர்ல இருக்குற சமையல் மாஸ்டருக்கும் அந்த வாரம் கல்யாண ஆர்டர் எல்லாம் கேன்சல் ஆகியிருக்கும், அவருக்கும் கூலி கிடைக்கும்.

ஊட்டச்சத்துன்னு பார்த்தா இதுல ஒரு ஓட்டை இருக்கு. மூணு வேளையும் வெரைட்டி ரைஸும் பிஸ்கட்டும் ரொட்டியும்தான் வரும். சுகர் இருக்குறவங்களுக்கு, அதுவும் மாத்திரை வெள்ளத்துல போன நிலைமையில, இது நாலு நாள் தொடர்ந்தா ஆபத்து. 8 மாசக் குழந்தைக்கு காரமான தக்காளி சாதத்துல என்ன இருக்கு? கிச்சன் நடத்துறவங்க கிட்ட தனியா ஒரு குண்டான் பருப்பு சாதம் காரமில்லாம கொழைய வச்சுக் குடுங்க, சுண்டல் ஒண்ணு, அவிச்ச முட்டை ஒண்ணு சேருங்கன்னு கேளுங்க. கூட செலவு கொஞ்சம்தான், வித்தியாசம் ரொம்ப பெருசு.

தண்ணி வடிஞ்சு வீட்ல அடுப்பு எரிய ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க, ரெண்டாவது வாரமும் பொட்டலம் வந்துக்கிட்டே இருந்தா பாதி ரோட்டோரம் கெடக்கும்.

மளிகை கிட்

5 கிலோ அரிசி, 1 கிலோ பருப்பு, 1 லிட்டர் எண்ணெய், மசாலா, சோப்பு, மெழுகுவர்த்தி. எல்லாரும் குடுக்குறது இதுதான். இதை ஒரு மாச கிட்னு போட்டோல போடுறதைப் பார்த்திருக்கேன். கணக்குப் போட்டுப் பாருங்க. நிவாரணத்துக்கு உலக அளவுல வச்சிருக்குற அளவு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி, நாலு பேர் குடும்பத்துக்கு 8,400. அந்த அரிசி, பருப்பு, எண்ணெய் மூணையும் சேர்த்தா 29,000 கலோரி பக்கம் வரும். அதாவது மூணரை நாள். ரேஷன் கடை திறந்தா அரிசி எப்படியும் கிடைச்சிடும், பருப்பும் பாமாயிலும் அளவாத்தான் கிடைக்கும், கிடைக்கவே கிடைக்காதது முட்டை, கடலை, பால். அரிசியை பாதியாக்கி, பருப்பை ரெட்டிப்பாக்கி, வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் சேர்த்தா கிட் ரொம்ப உருப்படியா மாறும்.

இதோட மறைமுக செலவு பேக்கிங்கும் லாரியும். சென்னையில மொத்தமா வாங்கி லாரி ஏத்தி 600 கிலோமீட்டர் கொண்டு போறதுக்கு பதிலா திருநெல்வேலி, நாசரேத், திருச்செந்தூர்னு பக்கத்துல கடை திறந்திருக்குற டவுன்ல வாங்குனா லாரி வாடகை மிச்சம், அந்தக் கடைக்காரரும் வியாபாரத்துக்கு வருவார். ரெண்டாவது வாரத்துல, அதுவும் ரேஷன் அட்டை இல்லாம வாடகைக்கு இருக்குறவங்களுக்கும் உப்பளத்துல வெளியூர்ல இருந்து வந்து வேலை பார்க்குறவங்களுக்கும் இது நல்ல வழி. 2023ல அரசாங்க நிவாரணப் பணம் பெரும்பாலும் ரேஷன் அட்டையை வச்சுத்தான் வந்துச்சு, அட்டை இல்லாதவங்க விட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

மெடிக்கல் கேம்ப்

இதைப் பத்தி நான் கொஞ்சம் கடுமையாவே சொல்லப் போறேன், நல்ல மனசோட வர்ற டாக்டர்கள் தப்பா எடுத்துக்க வேண்டாம்.

ஒரு நாள் கேம்ப்ல என்ன நடக்குது? ஒரு ஸ்கூல் வராண்டாவுல நாலு டேபிள், 300 பேர் வரிசை, ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம். சேத்துப்புண்ணுக்கு களிம்பு, உடம்பு வலிக்கு மாத்திரை, இருமலுக்கு சிரப், பிரஷர் பார்த்துட்டு 5 நாளைக்கு ஒரு மாத்திரை. அந்த பிரஷர் மாத்திரை அவங்க வழக்கமா சாப்பிடுற கலர்லயும் இருக்காது. அஞ்சாவது நாள் அது தீர்ந்ததும் யாரைக் கேக்குறது? இதுக்கு நடுவுல சுகாதாரத் துறையும் தினம் கேம்ப் நடத்தும், நடமாடும் வண்டியும் வரும். ரோட்டோரத்துல இருக்குற ஊருக்கு ஒரே நாள்ல ரெண்டு மூணு டீம் வர்றதும், உள்ள இருக்குற ஊருக்கு ஒரு டீமும் போகாம இருக்குறதும் ஒவ்வொரு வெள்ளத்துலயும் நடக்குறதுதான்.

மறைமுக செலவுல முதல்ல வர்றது மருந்து. வீட்ல மிச்சம் கெடந்த மாத்திரை, சாம்பிள் பாக்கெட், எக்ஸ்பைரிக்கு ரெண்டு மாசம் இருக்குற பெட்டி, இதையெல்லாம் அள்ளிட்டு வருவாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதல் தானமா வர்ற மருந்துக்கு வந்து சேரும்போது குறைஞ்சது ஒரு வருஷம் ஆயுள் இருக்கணும்னு சொல்லுது, அதுல அர்த்தம் இருக்கு. தரம் பிரிச்சு, எழுதி, மிச்சத்தை அழிக்கிற வேலை எல்லாம் கடைசியில ஆரம்ப சுகாதார நிலையத்து (பிஹெச்சி) ஃபார்மசிஸ்ட் தலையில விழும், அந்த நேரத்துல அவருக்கு அதைவிட அவசரமான வேலை நூறு இருக்கும்.

ரெண்டாவது மறைமுக செலவு காய்ச்சல். கேம்ப்ல காய்ச்சலுக்கு பாரசிட்டமால் வாங்கிட்டுப் போறவருக்கு அது சாதாரண காய்ச்சலா, கெண்டைக்கால் சதை வலியும் கண் சிவப்புமா வர்ற எலிக்காய்ச்சலான்னு மறுநாள் வந்து பார்க்க ஆளு இல்ல. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்கு அப்புறம் கேரளாவுல எலிக்காய்ச்சல் ஏறுனது தண்ணி வடிஞ்சு மக்கள் வீட்டைக் கழுவ ஆரம்பிச்சப்புறம்தான். அங்க எலிக்காய்ச்சல் வராம தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரையை சேத்துல இறங்கி வேலை பார்க்குறவங்களுக்கு வாரம் ஒரு தடவை 200 மில்லிகிராம்னு குடுத்தாங்க. இது கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் குடுக்குற மாத்திரை இல்ல, வெறும் வயித்துலயும் போடக்கூடாது, வாராவாரம் ஞாபகமா குடுக்கணும். ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போற டீமால முடியாத வேலை.

அப்போ கேம்ப்பே வேண்டாமா? வேணும், மூணு இடத்துல. ஒண்ணு, பாலம் உடைஞ்சு துண்டிச்சுப் போன ஊரு, பிஹெச்சி டாக்டரே வர முடியாத இடம். ரெண்டு, பிஹெச்சியே முங்கி ஓபி நடக்காத முதல் சில நாள். மூணு, வட்டார மருத்துவ அலுவலர் கிட்ட பேசி, அவங்க சொல்ற ஊருக்கு, அவங்க மருந்தையே வச்சு, அவங்க ரெஜிஸ்டர்லயே எழுதி, நாலு வாரம் தொடர்ந்து ஒரே நாள் ஒரே இடத்துக்கு வர முடியும்னா. உங்க டாக்டர் ஃப்ரெண்டு கிட்ட இந்த மூணாவதை கேட்டுப் பாருங்க, முடியும்னு சொன்னா அது தங்கம்.

அங்கன்வாடியையும் துணை சுகாதார நிலையத்தையும் திரும்ப ஓட வைக்கிறது

என் ஓட்டு பெரும்பாலும் இதுக்குத்தான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

தமிழ்நாட்டுல 54,000க்கும் மேல அங்கன்வாடி இருக்கு. சமவெளியில ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதுல ஒரு கிராம சுகாதார செவிலியர், நாம விஹெச்என்னு சொல்றோமே அவங்க. 30,000 பேருக்கு ஒரு பிஹெச்சி. 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குற பெண் தன்னார்வலரும் இருக்காங்க. இவங்க நாலு பேர் கிட்டயும் சேர்த்தா ஊரோட மொத்த லிஸ்டும் இருக்கு. இந்த மாசம் பிரசவம் யாருக்கு, எந்தக் குழந்தைக்கு தடுப்பூசி பாக்கி, யாரு எடை கம்மி, யாருக்கு இன்சுலின். வெளிய இருந்து வர்ற எந்த டீமும் ஒரு மாசம் வீடு வீடா அலைஞ்சாலும் இந்த லிஸ்டை உண்டாக்க முடியாது.

ஆனா வெள்ளம் இவங்களையும் விடல. தண்ணி இறங்கின அங்கன்வாடிக்குள்ள போய்ப் பார்த்தா தெரியும். சத்துமாவு பாக்கெட் உள்ளேயே கட்டி தட்டிப் போயிருக்கும், அரிசி மூட்டை ஊறி புளிச்ச வாடை அடிக்கும், கேஸ் அடுப்போட பர்னர் ஓட்டை எல்லாம் சேறு அடைச்சிருக்கும், எடை மெஷின் முள்ளு பூஜ்யத்துக்கே வராது, வளர்ச்சிப் பதிவேடு பக்கம் பக்கமா ஒட்டிக்கிட்டு பிரிச்சா கிழியும். இதையெல்லாம் கழுவிப் போட வேண்டிய டீச்சர் வீட்லயும் இடுப்பளவு தண்ணி வந்திருக்கும். விஹெச்என்னோட ஸ்கூட்டர் இன்ஜின்ல தண்ணி போயிருக்கும், போன் செத்துருக்கும். ஊர்ல எல்லாரும் நிவாரணம் வாங்க வரிசையில நிக்கும்போது இவங்க கணக்கெடுப்புல நிப்பாங்க, அவங்க வீட்டை யாரும் கேக்குறதில்ல.

இன்னொண்ணு, ஸ்கூலும் அங்கன்வாடியும் நிவாரண முகாமா மாறிடும். மாறினதும் சத்துணவு, காலை உணவு, வாரத்துல வர்ற முட்டை எல்லாம் நின்னுடும். ஏழைக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு கிடைக்குற புரதத்துல ஒரு நல்ல பங்கு அங்கதான் கிடைச்சுது. கூடவே வயித்துப்போக்கு வந்தா குழந்தை சாப்பிடாது, எடை இறங்கும், எதிர்ப்பு சக்தி குறைஞ்சு அடுத்த நோய் வரும், திரும்ப எடை இறங்கும். இந்த சுத்து ஆரம்பிக்கிற இடத்துலயே உடைக்கணும்னா ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்), 14 நாள் ஜிங்க் மாத்திரை, அதோட வாராவாரம் எடை பார்க்குற ஒரு ஆள் வேணும். மாத்திரை அரசாங்கம் குடுத்துடும், தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்துல இருந்து பிஹெச்சிக்கு மருந்து வர்ற ஏற்பாடு நல்லாவே இருக்கு. அதனால அங்க மருந்து வாங்கிக் குடுக்குறது அநேகமா தேவையில்லாத செலவு. பத்தாம நிக்கிறது சின்னச் சின்ன சாமான்தான்.

என்னென்ன வாங்கலாம்னா: அங்கன்வாடிக்கு எடை மெஷின், பாய், குக்கர், அடுப்பு, மூடி போட்ட தண்ணி டிரம், ஃபில்டர், மூணு மாசத்துக்கு கூடுதல் முட்டை, கடலை மிட்டாய். பிஹெச்சி, துணை நிலையத்துக்கு கட்டில், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் பேட்டரி, ஜெனரேட்டர் டீசல். தடுப்பூசியை 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வச்சாகணும், கரண்ட் ரெண்டு நாள் போச்சுன்னா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி அந்த ஃப்ரிட்ஜ் என்ன ஆச்சுங்குறதுதான். விஹெச்என், அங்கன்வாடி டீச்சர், தன்னார்வலருக்கு ஸ்கூட்டர் ரிப்பேர், பெட்ரோல், ஒரு சாதாரண போன், ரப்பர் பூட்ஸ், அவங்க வீட்டுக்கும் ஒரு மளிகை கிட். பெட்ரோலுக்கு குடுக்குற 1,000 ரூபாய் எத்தனை வீட்டு வாசலுக்கு ஒரு நர்ஸைக் கொண்டு போய் நிறுத்தும்னு யோசிச்சுப் பாருங்க.

குழந்தை மெலிவைப் பார்க்குற கைச்சுற்றளவு டேப் ரொம்ப மலிவு. ஆறு மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் குழந்தையோட புஜத்துல சுத்தி 11.5 சென்டிமீட்டருக்கு கீழ போனா கடுமையான மெலிவு, உடனே பிஹெச்சி டாக்டர் பார்க்கணும். 11.5ல இருந்து 12.5க்குள்ள இருந்தா கண்காணிப்பும் கூடுதல் சாப்பாடும். முகாம்லயே அஞ்சு நிமிஷத்துல பார்த்துடலாம்.

தண்ணியும் இதே கணக்குதான். ஊர் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் கையில நல்ல பிளீச்சிங் பவுடரும் குளோரின் பார்க்குற கிட்டும் இருந்தா, குழாய் முனையில லிட்டருக்கு 0.2ல இருந்து 0.5 மில்லிகிராம் குளோரின் வருதான்னு தினம் பார்த்தா, அது ஆயிரம் வாட்டர் கேனுக்கு மேல வேலை செய்யும். ஈரம் பட்ட பழைய பவுடர்ல வீரியம் இருக்காது, மூட்டையை பார்த்து வாங்குங்க.

இதுக்கும் மறைமுக செலவு உண்டு, மறைக்கக் கூடாது. முதல்ல நேரம். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர்னு பார்த்து, கடிதம் குடுத்து, ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தி வாங்கணும், 10 நாள் கூட இழுக்கலாம். நேரா போயி டீச்சர் கையில சாமானைக் குடுத்துட்டு வந்தா பின்னாடி ஆடிட்ல அவங்கதான் பதில் சொல்லணும், தயவு செஞ்சு அப்படி மாட்டி விடாதீங்க. அடுத்தது, துறையே அதே சாமான் வேணும்னு எழுதிக் கேட்டிருக்கலாம், கேக்காம வாங்குனா ரெண்டு எடை மெஷின் இருக்கும், பாய் ஒண்ணு கூட இருக்காது. இதுல போட்டோவும் பெருசா கிடைக்காது, பணம் போட்டவங்க கிட்ட பர்னர் மாத்துனோம்னு சொன்னா உற்சாகம் வராது. அதைத் தாங்கிக்கத்தான் வேணும். கடைசியா, முதல் 5 நாள் பசிக்கு இது பதில் இல்ல.

கையில காசு

2023 வெள்ளத்துல அரசாங்கமே கடுமையா பாதிச்ச பகுதிக்கு குடும்பத்துக்கு 6,000 ரூபாயும் மத்த இடத்துக்கு 1,000 ரூபாயும் குடுத்துச்சு. காசோட பலம் என்னன்னா அவங்கவங்க தேவையை அவங்கவங்களே முடிவு பண்ணிக்கலாம். ஒரு வீட்டுக்கு மூக்குக் கண்ணாடி, ஒரு வீட்டுக்கு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, ஒரு வீட்டுக்கு பால்.

ஆனா கடை திறந்திருக்கணும். ஏரல்ல கடைத்தெருவே முங்கிப் போச்சு, சுத்துப்பட்டு ஊர்க்காரங்க சாமான் வாங்குற இடமே அதுதான், முதல் வாரம் கையில காசு இருந்தும் வாங்க வழி இல்ல. அதனால காசுக்கு சரியான நேரம் மூணாவது வாரத்துல இருந்து மூணாவது மாசம் வரைக்கும். தாமிரபரணிக் கரையில வாழை சாய்ஞ்சா தோட்டத்துல கூலி வேலை மாசக்கணக்குல இல்ல. உப்பளத்துல மழைக்காலம் ஏற்கனவே வேலை இல்லாத காலம், பாத்தி உடைஞ்சா அடுத்த சீசன் ஆரம்பிக்கிறதும் தள்ளிப் போகும். நிவாரண வண்டி எல்லாம் திரும்பிப் போன ஜனவரி, பிப்ரவரியிலதான் அந்த வீடுகள்ல முட்டையும் பாலும் நின்னுச்சு.

மறைமுக செலவு: யாருக்கு குடுக்குறதுங்குற லிஸ்ட் சண்டை, அப்புறம் மைக்ரோ பைனான்ஸ் வசூல். காசு வந்தது தெரிஞ்சா தவணைக்காரர்தான் முதல்ல வாசல்ல நிப்பார். ஊர் பூரா 500 ரூபாயா தெளிக்கிறதை விட, விஹெச்என் லிஸ்ட்ல இருக்குற கர்ப்பிணி, பாலூட்டுற அம்மா, எடை குறைஞ்ச குழந்தை இருக்குற வீடு, இவங்களுக்கு மட்டும் மாசம் 1,500, மூணு மாசம், அந்தப் பெண்ணோட சொந்த வங்கிக் கணக்குல போடுறது நல்லது. இந்த வீடு ஏன்னு யாராவது கேட்டா வெளிப்படையா சொல்ற மாதிரி ஒரே ஒரு விதி இருக்கணும், உதாரணமா ரெண்டு வயசுக்குள்ள குழந்தை இருக்குற எல்லா வீடும்.

முதலமைச்சர் நிவாரண நிதி

நேர்ல போக முடியாது, ஆள் தெரியாது, கணக்கு எழுத நேரமில்லன்னா இது போதும், குற்ற உணர்ச்சி வேண்டாம். பழைய வருமான வரி முறையில இருக்குறவங்களுக்கு குடுத்த பணத்துக்கு 100 சதவீத வரி விலக்கும் உண்டு. எந்த ஊருக்கு, எதுக்குன்னு நீங்க சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

ஒரே பார்வையில

| வழி | எப்போ சரி | யாருக்கு நல்லா சேரும் | மறைமுக செலவு | பின்னாடி மிஞ்சுறது |
|---|---|---|---|---|
| சமைச்ச சாப்பாடு | முதல் 3-5 நாள் | முகாம்ல, வீட்டுக்கூரையில மாட்டுனவங்க | கெட்டுப்போறது, குப்பை, தூரம் | ஒண்ணும் இல்ல |
| மளிகை கிட் | 5ம் நாள்ல இருந்து 3வது வாரம் | அட்டை இல்லாதவங்க, வாடகை வீடு | லாரி, பேக்கிங், அரிசி மட்டுமே குவியறது | கொஞ்ச நாள் சாப்பாடு |
| மெடிக்கல் கேம்ப் | துண்டிச்ச ஊரு, பிஹெச்சி நின்ன நாள் | நடந்து வர முடிஞ்சவங்க | தேவையில்லாத மருந்து, தொடர்ச்சி இல்லாதது | தொடர்ந்து வந்தா மட்டும் பலன் |
| அங்கன்வாடி, துணை நிலையம் | 2வது வாரத்துல இருந்து 3 மாசம் | குழந்தை, கர்ப்பிணி, சுகர் பிரஷர்காரங்க | அனுமதி, அலைச்சல், பொறுமை | சாமான், லிஸ்ட், அடுத்த வெள்ளத்துக்கும் ஆளு |
| கையில காசு | 3வது வாரத்துக்கு அப்புறம் | கூலி போன வீடு | லிஸ்ட் சண்டை, கடன் வசூல் | குடும்பம் கடன்ல விழாம இருக்குறது |
| நிவாரண நிதி | எப்பவும் | அரசு முடிவு பண்றவங்க | உங்க கையில கட்டுப்பாடு இல்ல | அரசு வேலையைப் பொறுத்து |

உங்க நிலைமைக்கு எது

வெள்ளம் இன்னும் வடியல, உங்க ஆளு 30 கிலோமீட்டருக்குள்ள இருக்காங்கன்னா பக்கத்து கிச்சனுக்கு காசு அனுப்புங்க, வேற யோசனையே வேண்டாம்.

வெள்ளம் வந்து 10 நாள் ஆச்சு, கையில 1 லட்சத்துல இருந்து 3 லட்சம், ஊர்ல நம்பகமான ஒரு ஆள் இருக்கார்னா, ரெண்டு அங்கன்வாடியும் ஒரு துணை நிலையமும் மட்டும் எடுத்துக்குங்க. 20 ஊருக்கு தெளிக்காதீங்க. முட்டை ஒண்ணு 6 ரூபாய்னு வச்சாலும் 50 குழந்தைக்கு வாரம் 3 கூடுதல் முட்டை 12 வாரத்துக்கு 10,800 ரூபாய்தான் ஆகுது. மிச்சத்துல அடுப்பு, எடை மெஷின், பெட்ரோல் எல்லாம் முடிஞ்சு, பத்து இருபது வீட்டுக்கு மூணு மாசம் காசும் போட்டுடலாம்.

உங்க குரூப்ல டாக்டரும் நர்ஸும் நிறைய பேர், பணம் கம்மின்னா, மேல சொன்ன நாலு வாரத் தொடர் கேம்ப். முடியாதுன்னா போன்லயே ஒரு வேலை இருக்கு, விஹெச்என் குடுக்குற கர்ப்பிணி லிஸ்ட்ல வாரம் ஒரு தடவை கூப்பிட்டு கேக்குறது. கால் வீக்கம், தலைவலி, குழந்தை அசைவு குறைஞ்சுதுன்னு ஏதாவது சொன்னா விஹெச்என்னுக்கு உடனே தகவல்.

வெளிநாட்டுல இருந்து அனுப்புறவங்க இதைக் கண்டிப்பா படிங்க. இந்தியக் குடியுரிமையோட வெளிநாட்டுல வேலை பார்க்குறவர் தன் சொந்தச் சேமிப்பை பேங்க் வழியா ஒரு டிரஸ்டுக்கு அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது. வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தா, ஓசிஐ கார்டு வச்சிருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய அரசு குடுக்குற பதிவு, இருக்குற அமைப்புக்கு மட்டும்தான் அனுப்பணும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் அந்த அமைப்பு வாங்குன வெளிநாட்டுப் பணத்தை வேற அமைப்புக்கு மாத்திக் குடுக்கவும் முடியாது. அதனால தாமிரபரணிக் கரையில நேரடியா வேலை பார்க்குற, பதிவு இருக்குற அமைப்பா பார்த்து அனுப்புங்க. ஊர்ல இருக்குற சின்ன டிரஸ்ட் நல்லெண்ணத்துல உங்க காசை வாங்கி பின்னாடி கேஸ்ல மாட்டுனா அந்த ஊருக்கு இருந்த ஒரே டிரஸ்டும் போயிடும்.

எந்த வழின்னாலும் இதை மட்டும் அனுப்பாதீங்க

குழந்தைக்கான பால்பவுடர் டப்பா, ஃபீடிங் பாட்டில். கிட்ல பால்பவுடர் வைக்கணும்னு எல்லாருக்கும் தோணும், பாசத்துலதான் தோணுது. ஆனா பாட்டிலைக் கொதிக்க வைக்க அடுப்பு இல்ல, கரைக்க சுத்தமான தண்ணி இல்ல, தாய்ப்பால் குடிச்சுக்கிட்டு இருந்த குழந்தை வயித்துப்போக்குல விழுந்துடும். 1992ல வந்த சட்டமே இந்த மாதிரி பால்பொருளையும் பாட்டிலையும் பொதுவா தானமா குடுக்குறதை தடை பண்ணுது. பயத்துலயும் களைப்புலயும் பால் வத்திப்போச்சுன்னு நிறைய அம்மாக்கள் நெனைப்பாங்க. பால் இறங்க கொஞ்சம் தாமதமாகலாம், சுரக்கறது நின்னுடாது, குழந்தையை அடிக்கடி மார்ல வச்சுப் பழக்கினா வந்துடும். அந்த அம்மாவுக்கு முகாம்ல ரெண்டு சேலையைக் கட்டி ஒரு மறைவு, ஒரு நாற்காலி, குடிக்க தண்ணி, ஒரு வேளை கூடுதல் சாப்பாடு, பக்கத்துல உக்கார ஒரு அக்கா. அம்மா இல்லாத குழந்தை, தாய்ப்பால் குடுக்கவே முடியாத நிலைன்னு இருந்தா அது டாக்டரும் விஹெச்என்னும் ஒவ்வொரு குழந்தையா பார்த்து ஏற்பாடு பண்ண வேண்டியது.

பணம் அனுப்புறதுக்கு முன்னாடி அந்த ஊர் அங்கன்வாடி டீச்சருக்கோ விஹெச்என்னுக்கோ ஒரு போன் போட்டு நாலே கேள்வி கேளுங்க. உங்க வீடு எப்படி இருக்கு? சென்டர் எந்தத் தேதியில திறந்துச்சு, இன்னும் திறக்கலன்னா எதுக்காக நிக்குது? துறையில இருந்து என்ன வந்துடுச்சு, என்ன வரும்னு சொல்லியிருக்காங்க? லிஸ்ட்ல எந்த வீட்டை நினைச்சா உங்களுக்கு பயமா இருக்கு?